மாமியார் பார்க்கும் படலம்

நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் அலுவலகத்தில் புதிதாக ஒரு கணினி நிரல் வந்திருக்கிறது. பள்ளி முடித்த பிள்ளை தன் மதிப்பெண்களையும் பிடித்த பாடங்களையும் தட்டினால் போதும், என்ன படிக்கலாம், எங்கே படிக்கலாம் என்று வரிசையாகச் சொல்லிவிடும். போன மாதம் சும்மா எட்டிப் பார்க்கப் போனவனை, என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். "சித்தப்பா, உங்க மார்க்கைப் போட்டுப் பாக்கலாமா?" என்றார்கள். போட்டோம். காரைக்குடியில் பி.காம். படித்து, சைகோனில் கல்லூரி ஆலோசகனாகவே தலை நரைத்துப்போன என்னை அது பூ அலங்காரம் படிக்கச் சொன்னது. பிள்ளைகள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து என் மனைவி உமையாளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அதுல என்ன தப்பு? சாமி படத்துக்கு ஒரு சரம் ஒழுங்காப் போடத் தெரியுதா உங்களுக்கு? படிச்சா நல்லதுதான்" என்றாள்.

சித்தப்பா என்று அவர்கள் கூப்பிடுவதைப் பார்த்து உறவு என்று நினைத்துவிட வேண்டாம். இந்த ஊரில் சார், மோர் எல்லாம் கிடையாது. வயதைப் பார்த்து அண்ணன், அக்கா, சித்தப்பா, அத்தை என்று முறை வைத்துத்தான் யாரையும் கூப்பிட வேண்டும். வந்த புதிதில் இதுதான் எனக்குச் சுலபமாக இருந்தது. மற்றபடி மொழி என்னைப் படாத பாடு படுத்தியது.

அந்தப் பிள்ளைகள் கேட்டது இரண்டு பக்கம். "நிரல் இல்லாத காலத்துல எப்படி ஆலோசனை சொன்னீங்க, குறிப்பு மாதிரி எழுதிக் கொடுங்க." அதை வியட்நாமிய மொழியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் அடங்காததை இங்கே தமிழில் எழுதுகிறேன். வியட்நாமியர்கள் பேசுவது இதில் எங்கள் ஊர்த் தமிழில்தான் வரும். எனக்கு அப்படித்தான் காதில் விழுகிறது.

நான் இங்கே வந்தது தொண்ணூறுகளில், நாடு வெளியாட்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட சமயம். முந்திரி ஏற்றுமதி செய்த ஒரு நம்மூர்க்காரரிடம் கணக்கு எழுதினேன். அவர் கடையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனார். எனக்கோ ஊருக்குப் போய் என்ன செய்வது என்று தெரியவில்லை. மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். அங்கே படிக்க வந்த ஒருவர் மூலமாக, வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் இந்த அலுவலகத்தில் வேலை கிடைத்தது. முதல் இரண்டு வருடம் நகல் எடுத்தேன், தேநீர் ஊற்றினேன், எந்த நாட்டில் எந்த மதிப்பெண்ணுக்கு என்ன மதிப்பு என்று மனப்பாடம் செய்தேன். என் பயிற்சி அவ்வளவுதான்.

மீதியெல்லாம் கற்றுக்கொடுத்தவர் கோ லியென். கோ என்றால் இங்கே அத்தை, டீச்சர், மேடம் எல்லாம் சேர்ந்த ஒரு மரியாதை. அவர் கணக்கு டீச்சராக இருந்து விலகி இந்த அலுவலகத்தைத் தொடங்கியவர். ஒல்லி. குரலே வெளியே வராது. அவர் மெதுவாகப் பேசப் பேச, எதிரே இருப்பவர்கள் தானாகக் குனிந்து கேட்பார்கள். அப்படிக் குனிந்துவிட்டால் சண்டை போட முடியாது என்பது அவர் கணக்கு.

பெற்றோரும் பிள்ளையும் வந்தால் மேசைக்கு முன்னால் உட்கார வைக்க மாட்டார். மூலையில் ஒரு குட்டை மேசை, அதைச் சுற்றிக் குட்டை நாற்காலிகள். அம்மாவையும் பிள்ளையையும் எதிரெதிரே போடக் கூடாது, பக்கத்தில் பக்கத்தில் போட வேண்டும். எதிரே உட்கார்ந்தால் பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லும். பிறகு ஐஸ் போட்ட தேநீர் வரும். அதன் பிறகு பிள்ளையின் கையில் ஒரு பப்ளிமாஸ் பழத்தைக் கொடுத்து உரிக்கச் சொல்வார். கனத்த தோல், உள்ளே வெள்ளைச் சவ்வு, உரித்து முடிக்க வெகு நேரம் ஆகும். கை வேலையாக இருந்தால் நாக்கு பொய் சொல்ல மறந்துவிடும் என்பார். நான் இதை நம்பவில்லை. ஆனால் பழம் உரித்துக்கொண்டே, "எனக்கு டாக்டருக்குப் படிக்கப் பிடிக்கல, ரத்தம் பாத்தா மயக்கம் வரும்" என்று அம்மாவுக்கு முதல்முதலாகச் சொன்ன பிள்ளைகளை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"பெரியவனாகி என்ன ஆகப் போறே?" என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. "வீட்டுக்குப் போனதும் எந்தப் புத்தகத்தை முதல்ல தொறப்பே? எதைக் கடைசியில?" என்றுதான் கேட்பார். பெற்றோரிடம் ஒரே ஒரு கேள்வி: "உங்களுக்கு எதை நெனச்சா பயமா இருக்கு?" பயத்தைச் சொன்ன பிறகுதான் படிப்பைப் பற்றிய பேச்சே. விருப்பப் படிப்புகளை வரிசையாக எழுதும்போது முதல் விருப்பத்தில் அவர் தலையிட மாட்டார். "அது அவங்க ஆசை, விடு. மூணாவதைக் கவனிச்சு எழுதச் சொல்லு. பாதிப் பேர் கடைசியில அங்கதான் போய் உக்காருவாங்க" என்பார். என்னைக் கேட்டால், அந்த நிரலுக்கு இதை யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்வார். பெற்றோர் ஆரம்பத்தில் கேட்கும் கேள்வி எல்லாம் கேள்வி அல்ல. உண்மையான கேள்வி கிளம்பும் நேரத்தில்தான் வரும். "அது வந்ததும் நீ வாயை மூடிக்கோ. அதுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நீ இல்ல." எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்த விதி இதுதான். வாயை மூடுவது எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை.

வேலையில் எனக்கென்று ஒதுக்கியது இரண்டு. ஒன்று, சைகோனை ஒட்டிய பின் யுவோங் மாகாணத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் நம்மூர் அப்பாக்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவார்கள். ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே, "சார், கட்-ஆஃப் எவ்வளவு?" என்பார்கள். இந்த நாட்டில் அப்படி ஒரு கணக்கு நம்மூர் மாதிரி கிடையாது என்றால், "சரி சார், இருந்தா எவ்வளவு இருக்கும்?" என்பார்கள். எந்தக் கல்லூரியாக இருந்தாலும் பரவாயில்லை, எந்த நாடாக இருந்தாலும் பரவாயில்லை, கம்ப்யூட்டர் சயின்ஸ் மட்டும் வேண்டும். ஓர் அப்பாவிடம் அவருடைய பையன் பப்ளிமாஸை உரித்தபடியே, "எனக்கு இந்த ஊர்ச் சமையல் கத்துக்கணும்" என்றான். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதுல கம்ப்யூட்டர் இருக்கா சார்?" என்று என்னைக் கேட்டார். இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கு எதில்தான் இல்லை?

இரண்டாவது, இந்தியாவுக்குப் படிக்கப் போக விரும்பும் வியட்நாமியப் பிள்ளைகள். இப்படி ஒரு கூட்டம் இருப்பதாக அலுவலகம் நம்பியது. பள்ளிக்கூட மைதானங்களில் சேர்க்கைத் திருவிழா மாதிரி நடக்கும். வரிசையாக மேசை போட்டு நாங்கள் உட்கார்ந்திருப்போம். ஆஸ்திரேலியா மேசையில் தள்ளுமுள்ளு. ஜப்பான் மேசையிலும் கொரியா மேசையிலும் வரிசை. என் மேசையில் ஈ. வருகிற ஒன்றிரண்டு பேரும் யோகா சொல்லிக்கொடுப்பார்களா என்று கேட்டுவிட்டுப் போவார்கள். நான் பக்கத்து மேசைகளுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் சீரியல் வந்தது. நம் வடநாட்டுத் தொடர்களை வியட்நாமியக் குரல் கொடுத்து மத்தியானத்தில் ஓட்டத் தொடங்கினார்கள். ஊரே விழுந்துவிட்டது. மீன் கடையில், முடிவெட்டும் கடையில், சந்தில் போட்டிருந்த டீக்கடையில் எல்லாம் பட்டுப்புடவையும் அழுகையும்தான். அடுத்த சேர்க்கைத் திருவிழாவில் என் மேசைக்கு முன்னால் கூட்டம் நெரிந்தது. எல்லாரும் அம்மாக்கள். படிப்பைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. "இந்தியாவுல எல்லா மாமியாரும் அப்படித்தானா?" "தூங்கும்போதும் நகையைக் கழட்ட மாட்டாங்களா?" "ஒருத்தி கதவைத் தொறந்தா ஏன் மூணு தடவை இடி இடிக்குது?" ஆஸ்திரேலியா மேசைக்காரன் எனக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தான்.

அந்தச் சமயத்தில்தான் லான் என்ற பெண் வந்தாள். என் வேலைக்காலத்தில் இந்தியாவில் இதைத்தான் படிக்க வேண்டும் என்று தானாகக் கேட்டு வந்த பிள்ளைகள் மிகக் குறைவு. அவள் அதில் ஒருத்தி. அவளுடைய சித்தி பின் யுவோங்கில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். சித்தியோடு போய்ப் பார்த்த லானுக்குச் சட்டை தைப்பதில் ஆசை வரவில்லை. அந்தத் துணி எங்கே, எப்படி உண்டாகிறது என்று அறிய ஆசை வந்துவிட்டது. நூலிலிருந்து தொடங்கிப் படிக்க வேண்டும் என்றாள். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இடம் கேட்டு எழுதினோம். இடமும் கிடைத்தது, உதவித்தொகையும் கிடைத்தது. பத்து நாளுக்குள் சம்மதம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். சம்மதம் சொல்ல வேண்டியவர் அவளுடைய அம்மா. அவர் மாட்டேன் என்றார்.

அம்மா பெயர் ஹோவா. சந்து முனையில் நூடுல்ஸ் சூப் கடை வைத்திருந்தார். கணவர் இறந்து வெகு காலம் ஆகிவிட்டது. வீட்டில் அவரும் லானும் மட்டும். நான் அவரை ஹோவா அக்கா என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மூத்தவர்கள். மரியாதை கொடுக்கிற விஷயத்தில் இங்கே யாரும் வயதைச் சரிபார்ப்பதில்லை.

கோ லியென் இருவரையும் குட்டை நாற்காலியில் உட்கார வைத்தார். லானின் கையில் பழம் போயிற்று. தேநீர் வந்தது. வழக்கமான கேள்வியும் வந்தது. "உங்களுக்கு எதை நெனச்சா பயமா இருக்கு?"

"மாமியார்" என்றார் ஹோவா அக்கா.

லான் பழத்துக்குள் நகத்தை அழுத்தினாள். சாறு என் சட்டையில் தெறித்தது. "அம்மா, நான் படிக்கப் போறேன்! கல்யாணம் பண்ணிக்கப் போகல!"

"அந்தப் பொண்ணும் மொதல்ல அப்படித்தான் சொன்னா. டாக்டருக்குப் படிக்கணும்னுதான் போனா. இப்ப என்ன ஆச்சு? நேத்து மாடிப்படியில எண்ணெய் ஊத்தி வச்சிருந்தாங்க."

நான் உதவிக்காகக் கோ லியென்னைப் பார்த்தேன். அவர் முகம் இறுகியிருந்தது. "அந்த எண்ணெயை ஊத்தினது மாமியார் இல்ல, ஓரகத்தி" என்றார், அதே மெல்லிய குரலில். அவரும் அந்தச் சீரியலைப் பார்க்கிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். இரண்டு பேரும் எண்ணெயைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார்கள். பிறகு இருவரும் சேர்ந்து என் பக்கம் திரும்பினார்கள். இந்தியா முழுவதற்கும் நான்தான் பொறுப்பு என்பது போல இருந்தது.

மாமியார் என்றால் எல்லா நாட்டிலும் மாமியார்தான், சீரியலில் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள், கோயம்புத்தூர் விடுதியில் மாமியார்களை உள்ளே விடுவதில்லை என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். ஹோவா அக்கா தலையை ஆட்டினார். "வாயால சொன்னா நம்ப மாட்டேன் அண்ணா. எனக்கு ஒரு இந்திய மாமியாரை நேர்ல பாக்கணும். அப்புறம் முடிவு சொல்றேன்."

"இவர் வீட்டுல ஒருத்தங்க இருக்காங்க" என்றார் கோ லியென்.

இருந்தாள். உமையாள்தான். எங்கள் மகன் சோலையப்பன் டான் சோன் நாட் விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்த்தான். அவன் கட்டிக்கொண்டது மை என்ற கான் தோ ஊர்ப் பெண்ணை. எல்லாரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். மை எங்கள் பேச்சைப் பிடித்துக்கொண்டு அயித்தை, அயித்தை என்று கூப்பிடுவாள். உமையாளுக்கு மார்க்கெட்டில் பேரம் பேசும் அளவுக்கு வியட்நாமிய மொழி வரும். இருவருக்கும் நடுவில் ஓயாத ஒரு சண்டை இருந்தது. மையின் மீன் சாறு பாட்டில் நாறுகிறது என்பது உமையாளின் கட்சி. அயித்தையின் பெருங்காய டப்பா அதைவிட நாறுகிறது என்பது மையின் கட்சி. ஒருத்தி இல்லாத நேரத்தில் மற்றவள் அந்தப் பொருளை எடுத்துப் பால்கனியில் வைத்துவிடுவாள். நானும் என் மகனும் பால்கனிப் பக்கமே போக மாட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. சனிக்கிழமையே இருவரையும் உட்கார வைத்துக் கெஞ்சினேன். "ஒரு பொண்ணோட படிப்பு இதுல இருக்கு. நாளைக்கு ஒருநாள் மட்டும் சண்டை வேண்டாம். சிரிச்ச முகமா இருங்க." உமையாள், "நான் என்னைக்குங்க சண்டை போட்டேன்?" என்றாள். மை அதைக் கேட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் மணி அடித்ததும் நான் கதவைத் திறந்தேன். ஹோவா அக்காவும் லானும் நின்றார்கள். என் பின்னால் வந்த உமையாளைப் பார்த்ததும் ஹோவா அக்கா ஓரடி பின்வாங்கினார். நான் திரும்பிப் பார்த்தேன். விருந்தாளி வருகிறார்களே என்று என் மனைவி அரக்குப் பட்டு உடுத்தி, கழுத்து நிறைய நகை போட்டு, நெற்றியில் காலணா அளவு பொட்டு வைத்து, புன்னகையோடு நின்றாள். டிவியிலிருந்து இறங்கி வந்தவள் போல இருந்தாள். அவளுக்கு அரையடி பின்னால் மை, புதுச் சுடிதாரில், தலையைக் குனிந்தபடி. இருவரும் நான் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்துகொண்டிருந்தார்கள்.

அங்கேதான் நான் கோட்டை விட்டேன். சீரியலில் கத்துகிற மாமியார் நல்லவள், கடைசியில் திருந்திவிடுவாள். சிரிக்கிற மாமியார்தான் பால் தம்ளரில் எதையாவது கலப்பவள். சீரியல் பார்க்கிற எவருக்கும் இது தெரியும். நான் பார்ப்பதில்லை.

உமையாள் உள்ளே போய், வெள்ளித் தம்ளர்களில் பாதாம் பால் கொண்டுவந்தாள். சிரித்துக்கொண்டே நீட்டினாள். "குடிங்க, குடிங்க" என்று தனக்குத் தெரிந்த வியட்நாமிய மொழியில் அன்பாகச் சொன்னாள். ஹோவா அக்கா தம்ளரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். லான் குடிக்கப் போனபோது அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினார். உமையாள் இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தாள்.

உமையாள் அடுப்பைப் பார்க்கப் போன நேரம் ஹோவா அக்கா மையின் பக்கம் சாய்ந்து மளமளவென்று கிசுகிசுத்தார். "தங்கச்சி, உன்னை வெளியில விடறாங்களா? போன் வச்சுக்க விடறாங்களா? பேச முடியலைன்னா கண்ணை ரெண்டு தடவை மூடித் தொற, நான் புரிஞ்சுக்கறேன்." மை சிரிப்பை அடக்கத் தலையை இன்னும் குனிந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று முடிவு கட்டிய ஹோவா அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். லான் என்னைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவள் இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் என் வீட்டுக் கூடத்தில் வைத்து வீணாகிக்கொண்டிருந்தது.

அப்போது சமையலறையிலிருந்து ஒரு கத்தல். "அடியே மை! என் பெருங்காய டப்பா எங்கடி? மறுபடியும் வெளியில கொண்டுபோய் வச்சியா? விருந்தாளி வர்ற அன்னைக்குமா? ஆத்தாடி, இந்தப் பட்டைக் கட்டிக்கிட்டு எனக்கு மூச்சு முட்டுது, சிரிச்சுச் சிரிச்சு வாயி வலிக்குது, சாம்பார்ல போடப் பெருங்காயத்தைக் காணோம்!"

மை தலையை நிமிர்த்தினாள். "அயித்தை, என் மீன் சாறு பாட்டிலைக் காலையில யாரு ஒளிச்சது? அதை மொதல்ல சொல்லுங்க!" என்று இருந்த இடத்திலிருந்தே தமிழில் கத்தினாள். பிறகு எழுந்து போய், வியட்நாமிய மொழிக்கு மாறி மீதியைச் சொன்னாள். உள்ளே இரண்டு மொழியில் சண்டை மும்முரமாக நடந்தது. ஒருத்தி பேசுவது மற்றவளுக்கு நன்றாகவே புரிந்தது.

ஹோவா அக்கா கதவுப் பக்கம் போகவில்லை. கைப்பையோடு சமையலறை வாசலில் போய் நின்றார். அவரைப் பார்த்ததும் இருவரும் அவரையே நடுவராக வைத்துப் புகார் சொல்ல ஆரம்பித்தார்கள். மை பால்கனியிலிருந்து டப்பாவைக் கொண்டுவந்து, "மோந்து பாருங்க அக்கா, நீங்களே சொல்லுங்க" என்று அவர் மூக்கில் பிடித்தாள். உமையாள் அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து மீன் சாறு பாட்டிலை எடுத்து நீட்டினாள். ஹோவா அக்கா இரண்டையும் முகர்ந்தார். பெருங்காயத்துக்கு ஒரு தும்மல் போட்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"எனக்கும் என் மாமியாருக்கும் இறால் விழுதுக்காக வருஷக்கணக்கா இதே சண்டை" என்றார். "அவங்க போன பிறகு அந்தச் சமையல்கட்டுல ஒரு சத்தம் இல்ல." கூடத்துக்கு வந்து உட்கார்ந்து, ஆறிப்போன பாதாம் பாலை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

உமையாள் நகையைக் கழற்றி மேசையில் குவித்துவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சாப்பாடு பரிமாறினாள். சாம்பார் பக்கத்தில் மீன் சாறும் இருந்தது. ஹோவா அக்கா இரண்டையும் ஊற்றிக்கொண்டார். எல்லாம் முடிந்தது, ஜெயித்துவிட்டோம் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, கிளம்ப எழுந்தவர் செருப்பில் காலை நுழைத்தபடி மையிடம் கேட்டார்.

"தங்கச்சி, உங்க அம்மா கான் தோவுலதானே? நீ வருஷத்துக்கு எத்தனை தடவை போறே?"

கோ லியென் சொன்ன உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் புரிந்தது. மாமியாரும் எண்ணெயும் பால் தம்ளரும் இதைச் சுற்றிப் போட்ட வேலி. பெண் போனால் திரும்பி வருவாளா, வந்தாலும் தன்னோடு இருப்பாளா என்பதுதான் அந்த அம்மாவை வாட்டியது. பதில் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விமானம் இருக்கிறது, வீடியோ அழைப்பு இருக்கிறது, விடுமுறை இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

மை பொய் சொல்லவில்லை. "வருஷப் பிறப்புக்கு ஒரு தடவை. நடுவுல முடிஞ்சா ஒரு தடவை. பஸ் ஏறினா அரை நாள்கூட ஆகாது அக்கா. ஆனா போக முடியல. வேலை, வீடுன்னு நாள் ஓடிடுது. அம்மா போன்ல, எப்ப வர்றேன்னு கேக்கறதையே விட்டுட்டாங்க."

உமையாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "என்கிட்ட ஏன்டி சொல்லல?" என்றாள். "நீங்க கேக்கவே இல்லையே அயித்தை" என்றாள் மை. உமையாளுக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கும் வெட்கமாக இருந்தது. ஊரார் பெண்ணுக்குக் கடல் கடந்து வழிகாட்டிய நான், என் வீட்டுப் பெண்ணிடம் அதைக் கேட்டதில்லை.

இடம் போய்விட்டது என்றே நினைத்தேன். ஹோவா அக்கா லானிடம் திரும்பி, "அப்ப பக்கத்துல வச்சுக்கிட்டாலும் இப்படித்தான். தூரத்துக்குப் போறதுன்னா பிடிச்சதைப் படிக்கவாவது போ" என்றார். கோபமாகத்தான் சொன்னார். லான் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். உமையாள் தன் பங்குக்கு மையைப் பார்த்து, "அடுத்த வாரம் ரெண்டு பேரும் கான் தோவுக்குக் கிளம்புங்க. நானும் வர்றேன், சம்பந்தியைப் பாத்து எத்தனை நாளாச்சு" என்று அதட்டினாள். போனார்கள். உமையாள் பெருங்காய டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை காலையில் சம்மதம் அனுப்பினோம். கோ லியென், "கடைசிக் கேள்விக்கு யார் பதில் சொன்னா?" என்று கேட்டார். "மை" என்றேன். "நல்லது. நீ சொல்லியிருந்தா கெடுத்திருப்பே" என்றவர், குரலை இன்னும் தாழ்த்தி, உமையாள் கட்டியிருந்த பட்டு என்ன நிறம் என்று கேட்டார்.

லான் படித்து முடித்து, கொஞ்ச காலம் திருப்பூரில் வேலை பார்த்து, இப்போது பின் யுவோங்கில் ஓர் ஆலையில் துணியின் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் அம்மாவின் கடையில் கிண்ணம் கழுவுகிறாள். இதெல்லாம் பிறகு நடந்தது. அவள் கிளம்பிய அன்று டான் சோன் நாட் விமான நிலையத்தில் நின்ற எங்களில் யாருக்கும் இது தெரியாது.

நானும் உமையாளும் வழியனுப்பப் போயிருந்தோம். பயணிகள் மட்டும் போகிற வாசலுக்கு முன்னால் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. ஹோவா அக்கா வழியெல்லாம் அழாமல் வந்தவர். காய வைத்த மீன் எந்தப் பெட்டியில் இருக்கிறது, மாத்திரை எந்தப் பையில் இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். லானின் முறை வந்தது. அப்போது அவர் மகளை நிறுத்தி, இரண்டு கையாலும் அவள் கன்னத்தை வழித்து, விரல்களை மடக்கித் தன் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினார். நெட்டி முறித்துத் திருஷ்டி கழிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அத்தனை நாள் பார்த்த சீரியலில் அவர் கெட்ட மாமியார்களை மட்டும் பார்த்திருக்கவில்லை.

சத்தம் வரவில்லை. எலும்பு வெட்டியும் அண்டா தூக்கியும் தடித்துப்போன விரல்கள். மறுபடி செய்தார். வரவில்லை. "நான் தப்பாச் செய்யறேனா?" என்று உமையாளைக் கேட்டார். உமையாள் முன்னால் போய் லானின் கன்னத்தை வழித்து முறித்தாள். பத்து விரலும் படபடவென்று பொரிந்தன. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஹோவா அக்கா தலையை ஆட்டினார். "அது உங்க சத்தம் அக்கா. என்னோடது வேணும்."

வாசலில் நின்ற அதிகாரி லானைக் கையசைத்துக் கூப்பிட்டார். அவள் போகவில்லை. முதுகில் பையோடு, அம்மாவின் கைக்கு எட்டும்படி குனிந்து நின்றாள். பின்னால் இருந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஹோவா அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு மூன்றாவது முறை வழித்து, நெற்றியில் வைத்து, உடம்பின் பலம் எல்லாம் சேர்த்து அழுத்தினார்.

"கேட்டுச்சா?" என்றார்.

"கேட்டுச்சும்மா" என்றாள் லான். நிமிர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஹோவா அக்கா எங்கள் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறப்பதற்குள் உமையாள் என் காலை மிதித்தாள்.

"எனக்கும் கேட்டுச்சு" என்றாள்.